பத்தாண்டு வேலைக்குப் பிறகு புள்ளியியலில் முனைவர் பட்டம்: யார் சாட்சி சொல்வார்கள்?

18 ஆகஸ்ட் 2024

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்கு வயது 33. எந்திரவியலில் பி.இ. முடித்துவிட்டு, இங்கே ஒரு வங்கியின் கடன் இடர்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு, இ-பாஸ் என்ற வேலை அனுமதி. அமெரிக்காவில் புள்ளியியல் பிஎச்டிக்கு இந்த டிசம்பரில் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளைவிட எனக்கு ஒன்பது ஆண்டு அனுபவம் கூடுதல் பலம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதானே?"

உண்மையில்லை. 2019 டிசம்பரில் இதே நம்பிக்கையோடு எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்து எட்டிலும் மறுக்கப்பட்டவள் நான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கத் துறைகளில் முனைவர் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்பறையிலேயே கழிகின்றன. அளவைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், நேரியல் மாதிரிகள் என்று பாடங்கள் முடிந்ததும் ஒரு தகுதித் தேர்வு வரும். அதில் தேறவே முடியாவிட்டால் வீடு திரும்ப வேண்டியதுதான். சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் புரட்டும்போது மனத்தில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: இந்த ஆள் அந்த முதல் ஆண்டைத் தாண்டுவாரா? நீங்கள் பைத்தான் நிரலில் எழுதிய கடன் கணிப்பு மாதிரிகளோ, மேலாண்மைக் கூட்டங்களில் காட்டிய வரைபடங்களோ அந்தக் கேள்விக்குப் பதில் ஆவதில்லை.

பி.இ. மதிப்பெண் பட்டியலில் எம்-1, எம்-2, எம்-3 என்று கணிதத் தாள்கள் இருக்கும். லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியர் தொடரும் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டிருப்பீர்கள், தேற்றங்களை நிறுவியிருக்க மாட்டீர்கள். குழு தேடுவது நிறுவத் தெரிந்தவரை. நிறுவக் கற்றுத்தரும் மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) என்ற பெயரில் ஒரு பாடம் உங்கள் பட்டியலில் எங்காவது இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

20 ஆகஸ்ட் 2024

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "டி-பரிசோதனையைக் கண்டுபிடித்தவரே பீர் ஆலையில் வேலை பார்த்தவர்தானே?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி, என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. டி-பரிசோதனை என்பது கொஞ்சம் தரவை வைத்துச் சராசரிகளை ஒப்பிடும் முறை. அதைத் தந்த வில்லியம் காசெட் 1899இல் டப்ளினில் இருந்த கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். வாற்கோதுமையையும் ஹாப்ஸையும் கொஞ்சமே கொஞ்சம் மாதிரிகளை (சாம்பிள்களை) வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. அன்றைய கோட்பாடுகளோ பெரிய மாதிரிகளுக்கு மட்டுமே பொருந்தின. 1906இல் ஆலையின் ஒப்புதலோடு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் கூடத்தில் படித்தார். 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் டி-பரிசோதனைக்கு அடிப்படையான கட்டுரை வெளிவந்தது. அவர் முனைவர் பட்டம் வாங்கவே இல்லை என்பது உங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

ஆனாலும் அவர் லண்டனுக்குக் கையில் எடுத்துச் சென்றது ஒரு கேள்வி; ஆலையில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தியப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ் 1946இல் கேம்பிரிட்ஜுக்குப் போனதும் மானுடவியல் அருங்காட்சியக வேலைக்காகத்தான். சூடானின் ஜெபல் மோயாவிலிருந்து வந்த பழைய எலும்புக்கூடுகளின் அளவுகளைப் பகுத்தாய்ந்துகொண்டே புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரின் வழிகாட்டுதலில் 1948இல் முனைவர் ஆனார். அதற்கு முன்பே, 1945இலேயே, இன்று ஒவ்வொரு பாடநூலிலும் இருக்கும் தேற்றங்களை அவர் வெளியிட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எலும்பை அளந்ததற்காகப் பட்டம் கொடுத்தார்கள் என்று ஆகிவிடும்.

ஆகவே 18ஆம் தேதி எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஆண்டுக் கணக்குக்கு மதிப்பில்லை. அந்த ஆண்டுகளிலிருந்து பாடநூலில் விடை கிடைக்காத ஒரு கேள்வியை நீங்கள் எடுத்து வந்தால், அதற்கு மதிப்புண்டு. எனக்குக் கிடைத்த கேள்வி இது. வங்கி ஒருவருக்குக் கடன் மறுக்கிறது. அவர் கடனைத் திருப்பிக் கட்டியிருப்பாரா என்பது யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. அடுத்த ஆண்டு கணிப்பு மாதிரியைச் செப்பனிடும்போது கடன் பெற்றவர்களின் தரவு மட்டுமே கையில் இருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் தரவிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். அப்படிக் காணாமல் போனது தற்செயலும் அல்ல; நம்முடைய பழைய மாதிரியே அவர்களை விலக்கியது. இதற்கு அலுவலகத்தில் எல்லாரும் ஒரு கைமருந்து வைத்திருந்தோம். அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது என் நோக்க அறிக்கை இந்தப் பத்தியில்தான் தொடங்கியது. முதல் முறை எழுதியது, "சிறு வயதிலிருந்தே எண்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கியது. அதைப் படித்தவர் கொட்டாவி விட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2 செப்டம்பர் 2024

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

2019இல் மூன்று கடிதங்களையும் அலுவலகத்தில் வாங்கினேன். நேர் மேலாளர், அவருக்கு மேலிருந்தவர், முன்பு வேலை பார்த்த இடத்தின் மேலாளர். ஒருவர் அன்போடு எனக்கே காட்டினார்: கெடு தவறாதவர், குழுவோடு ஒத்துப்போகிறவர், அழுத்தத்திலும் சிரித்த முகம். அத்தனையும் உண்மைதான். பதவி உயர்வுக்கு அருமையான கடிதம். அதில் ஒரு வரியில்கூட நான் கணிதம் அறிந்தவள் என்று இல்லை. மற்ற இருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதவும் முடியாது, அவர்கள் பார்த்ததில்லை.

மறுப்புகள் வந்து முடிந்ததும், அடுத்த சுற்றுக்கு இப்போதே தேடத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு இளங்கலைக் கணிதம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் இருந்தார். விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பின் ஒரு விடுப்பில் திருச்சிக்குப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நிற்கிறேன். பெயர் நினைவில்லை, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் என்றதும் தலையாட்டினார், மரியாதைக்காக ஆட்டினாரோ என்னவோ. காப்பி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் பேனாவை வைத்து, "ஒவ்வொரு கோஷி தொடர்வரிசையும் வரம்புடையது, நிறுவு, பார்க்கலாம்" என்றார்.

எளிய கணக்கு. கோஷி தொடர்வரிசை என்பது போகப்போக உறுப்புகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டே போகும் எண் வரிசை. நெருக்கத்தின் அளவான எப்சிலானை 1 என்று எடுத்துக்கொள். 'பெரிய என்' (N) என்ற ஏதோ ஓர் எண்ணுக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும், அந்தப் பெரிய என்னாவது உறுப்பிலிருந்து 1க்குள்ளேயே இருக்கும். ஆகவே அவை வரம்புக்குள் அடங்கிவிட்டன. அங்கேயே பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவர் ரசீதை என் பக்கம் திருப்பி, "அதற்கு முன்னால் வந்தவை எங்கே போயின?" என்று கேட்டார். முன்னால் இருப்பவை எண்ணிக்கையில் முடிவுறுபவை, அவற்றின் மீப்பெரு மதிப்பையும் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற ஒரு வரியை நான் எழுதவில்லை. ஒற்றை வரிதான். ஆனால் அந்த வரி இல்லாமல் நிறுவல் இல்லை.

"உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதம்மா. தெரியாததை எழுத மாட்டேன்" என்றார். எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. பிறகு அவரே, "வாரம் ஐந்து கணக்கு அனுப்புகிறேன், எழுதி அனுப்பு. தெரிந்துகொண்டபின் எழுதுகிறேன்" என்றார். ஏழு மாதங்கள், ஞாயிறு இரவுகளில், சமையலறை மேசையில் எழுதிய தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிவப்பு மையில் திருத்தி, அதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்புவார். ஏழாவது மாத முடிவில் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார்.

மற்ற இரண்டு கடிதங்களும் இங்கே மாலை வகுப்பில் எனக்குப் பாடம் நடத்தியவர்களிடமிருந்து வந்தவை. 2020 ஆகஸ்டில் பகுதிநேர முதுகலையில் சேர்ந்தேன்; கொரோனாக் கால முடக்கமான நோய் முறியடிப்புத் திட்டம் முடிந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்ததால் முதல் பருவம் முழுவதும் திரையில்தான். ஆனாலும் கேள்வி கேட்டேன், அலுவலக நேரத்துக்குப் பின் காத்திருந்து ஐயம் தீர்த்துக்கொண்டேன், கட்டாயமில்லாத கோட்பாட்டுப் பாடம் ஒன்றையும் எடுத்தேன். கடிதத்தை நினைத்துச் செய்ததுதான் என்பதை ஒளிப்பானேன்.

3 செப்டம்பர் 2024

ஒரு திருத்தம். அலுவலகக் கடிதமே வேண்டாம் என்று நேற்று எழுதியதுபோல் படுகிறது. மூன்றில் ஒன்று அங்கிருந்து வரலாம், எழுதுகிறவர் தாமே முனைவர் பட்டம் பெற்றவராக, உங்களோடு ஒரு மாதிரியின் உள்ளே கைவைத்து வேலை செய்தவராக இருந்தால். மேலாளர் என்ற பதவி மட்டும் போதாது.

15 செப்டம்பர் 2024

அடுத்து ஜிஆர்இ, அமெரிக்க மேற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. "இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை" என்று தனிச் செய்தியில் நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. பொதுத் தேர்வைப் பல துறைகள் விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில ஏற்பதே இல்லை, சில இன்னும் கேட்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை வேண்டாம் என்றும், மருத்துவத் தரவை ஆராயும் உயிர்ப்புள்ளியியல் துறை வேண்டும் என்றும் சொல்லக்கூடும். ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் அந்தந்த ஆண்டில் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆங்கிலத் தேர்வான டோஃபல் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். நாள் முழுதும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைக்கிற நான், ஆங்கிலம் தெரியும் என்று இரண்டு முறை பணம் கட்டி நிரூபித்தேன். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரியிலிருந்து சான்று வாங்கினால் சில இடங்களில் விலக்குக் கிடைக்கும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜிஆர்இயில் கணிதத்துக்கான தனித் தேர்வு வேறு விஷயம். 66 கேள்விகள், 2 மணி 50 நிமிடங்கள். ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மட்டுமே நடக்கும். பட்டியலில் கணிதப் பாடங்கள் குறைவாக இருக்கும் தம்பியைப் போன்றவர்களுக்கு அது ஒரு சாட்சி. கெட்டிக்காரக் கல்லூரி மாணவர்கள் எழுதும் தேர்வு என்பதால் நடுத்தர மதிப்பெண் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

6 அக்டோபர் 2024

தம்பி மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டார். மெய்ப்பகுப்பாய்வு இல்லை.

அப்படியென்றால் இந்த டிசம்பரை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அவர் விடப்போவதில்லை என்பதும் தெரிகிறது. 2019இல் எனக்கும் இப்படி ஒருவர் சொன்னார், கேட்டேனா?

விண்ணப்பிப்பதானால், சதவீதத்தை நீங்களாகவே நான்கு புள்ளி அளவுக்கு மாற்றி எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி பதியுங்கள். மாற்றுவது அவர்கள் வேலை. விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான இடங்களில் பட்டியலை ஸ்கேன் செய்து பதிவேற்றினால் போதும். கல்லூரி முத்திரையிட்ட உறையில் பட்டியலை அனுப்புவது சேர்க்கை கிடைத்த பின்புதான். ஆனால் கல்லூரியில் அந்த உறையை வாங்க எத்தனை கையெழுத்து, எத்தனை வாரம் என்பது உங்களுக்கே தெரியும். ஊருக்குப் போகும்போதே நான்கைந்து உறைகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் விடுப்பை இரண்டு நாள் நீட்டிக்க வேண்டியிருக்கும்.

20 அக்டோபர் 2024

உயிர்ப்புள்ளியியலுக்குப் போட்டி குறைவு, அங்கே போடலாமா என்று கேட்கிறார்.

கணிதம் சற்று மென்மையாக இருக்கும் என்பது ஓரளவு சரி. ஆனால் அமெரிக்க உயிர்ப்புள்ளியியல் துறைகள் பலவற்றில் மாணவர்களுக்கு வரும் பணத்தின் ஒரு பகுதி தேசியச் சுகாதாரக் கழகத்தின் பயிற்சி மானியங்களிலிருந்து வருகிறது, அந்த மானியம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அந்நாட்டு நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வெளிநாட்டவருக்கு ஆசிரியர்களின் ஆய்வு மானியத்திலிருந்தோ உதவி ஆசிரியப் பணியிலிருந்தோதான் கொடுக்க வேண்டும். ஆகவே நமக்கான இடங்கள் வெளியில் தெரிவதைவிடக் குறைவு. புள்ளியியல் துறைகளில் இளங்கலை வகுப்புகளுக்கு உதவி ஆசிரியர்கள் நிறையத் தேவைப்படுவதால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாதப் படியும் கடிதத்தில் எழுதித் தராத முனைவர் படிப்பு எதுவாக இருந்தாலும், கடன் வாங்கிப் போகாதீர்கள்.

செலவையும் கேட்டார். 2024 கணக்கில் ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 அமெரிக்க டாலர் ஆகும், ஜிஆர்இக்கு 220. விசா கட்டத்தில் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணமான சேவிஸ் 350, விசாக் கட்டணம் 185. எட்டு இடங்களுக்கு மறுப்பு வாங்க நான் செலவழித்த தொகையில் திருச்சிக்கு மூன்று முறை போய் வந்திருக்கலாம்.

3 நவம்பர் 2024

அமெரிக்காவை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே கென்ட் ரிட்ஜில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு வட்ட ரயில் பாதையில் போய்விடலாம் என்பது ஏன் யாருக்கும் நினைவில் வருவதில்லை? சார்ல்ஸ் ஸ்டைனிடம் ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து, 1975இல், அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கணிக்க உதவும் பாய்சான் தோராயத்துக்கு ஸ்டைனின் முறையை விரித்துக் காட்டிய லூயிஸ் சென், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். ஸ்டைன்-சென் முறை என்று உலகம் சொல்வதில் பாதிப் பெயர் இங்கேயுள்ளது. வெளிநாட்டவருக்கு ஒப்பந்தப் பிணைப்பு இல்லாத 'சிங்கா' உதவித்தொகை இருக்கிறது; பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. இரண்டும் முழுநேர மாணவர்களுக்கே. பகலில் வங்கி, மாலையில் முனைவர் பட்டம் என்ற கனவு இருந்தால், செலவு உங்களுடையது, தூக்கமும் உங்களுடையது.

வேறுபாடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் குழு முடிவெடுக்கிறது. பேராசிரியர் ஒருவருக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலால் பெரிதாக எதுவும் நகர்வதில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும், பெருமளவு இங்கேயும், நெறியாளர் உங்களை விரும்ப வேண்டும். அங்கே அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த கேள்விக்கு எடை கூடுதல். பிரிட்டனின் ஆய்வு மன்ற உதவித்தொகைகள் 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அதிகபட்சம் 30 விழுக்காடு இடங்களுக்குத்தான். 2022 டிசம்பரில் நான் அமெரிக்காவில் ஐந்து, பிரிட்டனில் ஒன்று, இங்கே ஒன்று என்று போட்டேன். அமெரிக்காவில் ஓரிடமும் இங்கும் கிடைத்தன. இங்கே சேர்ந்தேன்.

17 நவம்பர் 2024

ஏன் அமெரிக்காவை விட்டேன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெருமைக்குரிய காரணம் எதுவும் இல்லை. கணவருக்கு இங்கே இ-பாஸ் வேலை. மகள் அப்போது தொடக்கநிலை 2. அமெரிக்க மாணவர் விசாவில் நான் போனால், சார்ந்து வரும் கணவர் அங்கே வேலை செய்ய முடியாது. என் மாதப் படியில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். இங்கே இருந்தால் நான் மாணவர் அனுமதிக்கு மாறினாலும் மகள் தந்தையின் பெயரில் சார்ந்தோர் அனுமதியில் தொடரலாம். அதற்கு அவருடைய மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், இருந்தது.

தம்பியின் நிலைமை வேறு. மனைவி அவருடைய அனுமதியைச் சார்ந்து இருக்கிறார். இவர் வேலையை விட்டதும் இருவர் அனுமதியும் ரத்தாகும். கையில் 30 நாள் குறுகிய கால வருகை அனுமதிதான் இருக்கும். வாடகை வீட்டு ஒப்பந்தம், மரச்சாமான், எல்லாம் அந்த 30 நாளுக்குள். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது நிறுவனம் ஒரு மாதத்துக்கு முன்பே ஐஆர்21 படிவத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கொடுத்துவிட்டு, வரிக் கணக்கு முடியும்வரை தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதாவது விமானச் சீட்டும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டிய அதே மாதத்தில் சம்பளம் வராது. இரண்டு மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

1 டிசம்பர் 2024

கெடு நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 11:59 என்றால், டிசம்பரில் நமக்கு மறுநாள் மதியம் 12:59. மேற்குக் கரை என்றால் மாலை 3:59. இதை ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த வரம் என்று எண்ணி, 2019இல் கெடு நாளுக்கு மறுநாள் மதிய உணவு இடைவேளையில், அலுவலகத்தின் கீழே இருக்கும் உணவங்காடி நிலையத்தில், ஒரு கையில் மீன் பந்து மீயும் மறுகையில் மடிக்கணினியுமாக விண்ணப்பத்தை அனுப்பினேன். 12:40க்கு அனுப்பி, 12:45க்குத் திறந்து பார்த்தால், நோக்க அறிக்கையின் கடைசிப் பத்தியில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர். "உங்கள் துறையில் சேர்வது என் நெடுநாள் கனவு" என்ற வாக்கியத்தில். அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை.

மீயை முடித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

22 டிசம்பர் 2024

தம்பி ஆறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார். பெயர்களைச் சரிபார்த்தாராம்.

16 பிப்ரவரி 2025

இரண்டு மறுப்புகள் வந்துவிட்டன. கூடவே 7ஆம் தேதிச் செய்தியையும் அனுப்பியிருக்கிறார்: அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் ஆய்வு மானியங்களின் மறைமுகச் செலவை 15 விழுக்காட்டில் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது, நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைக்கவோ நிறுத்தவோ தொடங்கிவிட்டன. அக்டோபரில் உயிர்ப்புள்ளியியல் பணத்தைப் பற்றி நான் எழுதியது பழைய கணக்காகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் இன்னும் இறுக்கம்.

"அப்படியென்றால் என்னை மறுத்தது பணத்தாலா, கணிதத்தாலா?" என்று கேட்கிறார்.

தெரியாது. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதுவதில்லை. ஆகஸ்டில் சொன்ன கடன் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து வருபவர்களைக் குழு அரிதாகவே சேர்க்கிறது. சேர்க்காதவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்பது அவர்கள் தரவில் வருவதே இல்லை. ஆகவே அடுத்த ஆண்டும் அரிதாகவே சேர்க்கிறது. என் ஆய்வுப் பொருளின் நடுவில் நானே ஒரு விடுபட்ட மதிப்பாக எட்டு முறை இருந்திருக்கிறேன். என் நெறியாளரிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை, "அந்த அனுமானத்தை எப்படிச் சோதிப்பாய்?" என்றார்.

இதே காரணத்துக்காக என் அறிவுரையையும் சந்தேகியுங்கள். இடம் கிடைத்தவள் சொல்வது இது. ஏழு மாதம் கோஷி எழுதியும் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் வந்து இங்கே எழுதுவதில்லை.

9 மார்ச் 2025

நான்கு மறுப்பு. ஒரு காத்திருப்புப் பட்டியல். ஓரிடத்தில் முனைவர் படிப்புக்கு இல்லை, முதுகலைக்குச் சேர்த்துக்கொள்கிறோம், கட்டணம் முழுதும் நீங்கள் கட்ட வேண்டும் என்று கடிதம்.

கடைசியாகச் சொன்னது மரியாதையாகத் தோன்றும். அது பல நேரம் துறையின் வருமானத்துக்கான வழி. முதுகலை வேண்டும் என்பதே முடிவானால், இங்கே மாலையில், சம்பளத்தோடு படிக்கலாம்.

13 ஏப்ரல் 2025

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் ஏப்ரல் 15ஐப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று அவர் மனைவி கேட்டாராம். உதவித்தொகையோடு இடம் பெற்ற மாணவர் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. நான்கு இடம் கிடைத்தவர் கடைசி நாளில்தான் மூன்றை விடுவார். அப்போதுதான் வரிசை நகரும். 2023இல் நானும் ஓரிடத்தை விட்டேன். 10ஆம் தேதியே விட்டிருக்கலாம். 14ஆம் தேதிவரை வைத்திருந்தேன். வரிசையில் நின்ற யாரோ ஒருவர் அந்த நான்கு இரவுகள் தூங்கியிருக்க மாட்டார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

17 ஏப்ரல் 2025

வரிசை நகரவில்லை.

25 மே 2025

தம்பி ஆகஸ்டில் இங்கேயே பகுதிநேர முதுகலைக்குச் சேர்கிறார். இ-பாஸ் அப்படியே இருக்கும், மனைவியின் அனுமதியும் அப்படியே. மெய்ப்பகுப்பாய்வை இப்போதே தொடங்கிவிட்டார். அவர் ஊரில் கேட்பதற்குப் பேராசிரியர் யாரும் இல்லை என்பதால், வாரம் ஐந்து கணக்குகளை எனக்கு அனுப்புகிறேன் என்று நேற்று அவராகவே சொன்னார். என் தகுதித் தேர்வு முடிந்துவிட்டது, ஞாயிறு இரவுகள் காலி; சரி என்றேன். கடிதம் எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

முதல் தாள் நேற்றிரவு 11:20க்கு வந்தது. பேருந்தில் வைத்து எழுதியிருப்பார் போலும், கோடுகள் ஆடியிருந்தன. கோஷி தொடர்வரிசை. எப்சிலான் 1 என்று எடுத்திருக்கிறார், பெரிய என்னைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார், பின்னால் வரும் உறுப்புகளை அழகாக அடக்கியிருக்கிறார். கீழே இரண்டு கோடு போட்டு முடித்துவிட்டார்.

மகளின் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து எழுதி, படமெடுத்து அனுப்பினேன்: "முன்னால் வந்தவை எங்கே, தம்பி?"